கொம்புச் சிமிழும் கல்லான பூவாயியும்

முன்னொரு காலத்திலே, மந்திரம் மலிந்து மனிதர் மெலிந்திருந்த காலத்திலே, குமுதபுரி என்று ஒரு நாடு. நாட்டின் நடுவே கருமணியாறு. ஆற்றின் நடுவே ஒரு சுழி. சுழிக்கு இந்தப் பக்கம் நெட்டித்துறை, அந்தப் பக்கம் கரட்டுமலை. இரண்டுக்கும் இடையே போய்வர ஒரே ஒரு ஓடம். அந்த ஓடத்தைக் கழி ஊன்றித் தள்ளியவன் பெயர் மருதையன்.

மருதையனுக்கு மனைவி உண்டு, பெயர் பூவாயி. மகன் ஒருவன் இருந்தான், பெயர் வேம்பு. இருந்தான் என்று ஏன் சொல்கிறேன் என்றால், ஏழாவது வயதில் அவனை ஆறு எடுத்துக்கொண்டது.

அது ஒரு ஆடி மாதம். ஆறு இரு கரையும் தொட்டுக்கொண்டு ஓடியது. "வீட்ல இருந்தா என் உயிரை எடுக்கிறான், நீயே கூட்டிக்கிட்டுப் போ" என்று பூவாயிதான் பிள்ளையை ஓடத்தில் ஏற்றிவிட்டாள். ஓடத்தில் ஒரு மஞ்சள் வியாபாரி இருந்தான். சம்பந்தி வீட்டுச் சண்டை ஒன்றை அவன் கை கால் ஆட்டிச் சொல்ல, மருதையன் வயிறு குலுங்கச் சிரித்துக்கொண்டிருந்தான். முன்முனையில் நின்ற பிள்ளை "அப்பா!" என்று கூப்பிட்டான். "இருடா" என்றான் மருதையன், திரும்பாமலே. சிரித்து முடித்துத் திரும்பியபோது முன்முனையில் யாரும் இல்லை.

அன்று முதல் ஓடம் சுழியைத் தொட்டால் போதும். தண்ணீருக்குள்ளிருந்து ஒரு குரல் வரும். "அப்பா!"

ஓடத்தில் இருப்பவர்கள் யாருக்கும் கேட்காது. மருதையனுக்கு மட்டும் கேட்கும். போகும்போது ஒரு முறை, வரும்போது ஒரு முறை. அவன் ஒரு கையால் காதைப் பொத்துவான். உரக்க ஏலேலோ போடுவான். "ஓடக்காரனுக்கு இன்னைக்குக் குஷி" என்பார்கள் ஏறியவர்கள். வீட்டுக்குப் போனால் பூவாயி கஞ்சி ஊற்றுவாள். அவன் குடிப்பான். பிள்ளையின் பெயரை அவளும் சொல்லவில்லை, அவனும் சொல்லவில்லை.

இப்படி இருக்கையில் ஒரு நாள் உச்சி வேளையில் ஓடத்துக்கு ஒரு ஆள் வந்தான். ஒற்றை நாடி, நீலம் பாய்ந்த உதடு, தோளில் புலித்தோல். அவன்தான் ஊமத்தங்காட்டு மந்திரவாதி. மலையைப் புரட்டுவான், மழையைக் கட்டுவான். ஆனால் ஓடும் தண்ணீரைத் தாண்ட மந்திரவாதிக்கும் ஓடம்தான் வேண்டும்.

"கரட்டுமலை மேலே ஒரு மண்டபம் கட்டுகிறேன், ஓடக்காரா. ஏழு தூண் நிறுத்தியாகிவிட்டது. எட்டாவது தூணுக்குத்தான் கல் தேடுகிறேன்" என்றான் மந்திரவாதி.

"கல்லு மலையிலயே கிடைக்குமே ஐயா."

"அந்தக் கல் அல்ல அப்பனே. உள்ளே சூடு இருக்கிற கல்."

மருதையனுக்குப் புரியவில்லை. அதற்குள் சுழி வந்துவிட்டது. "அப்பா!" அவன் முகம் கோணியது. மந்திரவாதி அதைப் பார்த்தான். பார்க்கத்தானே ஏறியிருந்தான்! இடுப்பிலிருந்து ஒரு சிமிழை எடுத்தான். எருமைக் கொம்பில் கடைந்த கறுப்புச் சிமிழ். மூடியின் உள்பக்கம் கட்டைவிரல் நகம் அளவுக்கு ஒரு பச்சைப் பல்லி ஒட்டிக்கொண்டிருந்தது. உள்ளே பழுப்பு நிறத்தில் மூக்குப்பொடி.

"ஒரே ஒரு சிட்டிகை போட்டுப் பார்."

"பழக்கமில்லீங்க ஐயா."

"யாருக்குத்தான் பிறக்கும்போதே பழக்கம்? இன்றைக்கு மட்டும். ஒரே ஒரு சிட்டிகை."

மூடியிலிருந்த பல்லி "த்சு, த்சு, த்சு" என்றது.

நம் ஊரில் பல்லி சொன்னால் என்ன செய்வோம்? பேசிக்கொண்டிருந்ததை நிறுத்துவோம். சுவரில் விரலால் தட்டி, "பல்லியே சொல்லிடுச்சு" என்போம். மருதையனும் ஓடத்தின் விளிம்பில் விரலால் தட்டினான். சிட்டிகை எடுத்தான். மூக்கில் வைத்து இழுத்தான். கண்ணில் நீர் வந்தது. தலைக்குள் ஒரு கதவு சாத்திக்கொண்டது போல் இருந்தது. சுழி ஓசையில்லாமல் சுற்றியது. அது வெறும் தண்ணீர். வெறும் தண்ணீரின் மேல் அவன் ஓடம் போயிற்று.

இறங்கும்போது மந்திரவாதி சிமிழை அவன் மடியில் செருகிவிட்டான். "எனக்கு எதுவும் தர வேண்டாம். எடுக்க எடுக்கக் குறையாது" என்று சொல்லிவிட்டு மலையேறிப் போனான்.

முதலில் சுழிக்கு ஒரு சிட்டிகை. பிறகு, சுழி வரப்போகிறதே என்று கரையிலேயே ஒன்று. கடந்து வந்தாயிற்றே என்று அந்தக் கரையில் ஒன்று. காலையில் கழியைத் தொட்டால் ஒன்று. கஞ்சி குடித்துக் கை கழுவினால் ஒன்று. யாராவது பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்தால் இரண்டு. ஒவ்வொரு முறையும் அவன் சொல்வான், "இன்றைக்கு மட்டும். ஒரே ஒரு சிட்டிகை." பல்லி சொல்லும், "த்சு, த்சு, த்சு." அவன் விளிம்பில் தட்டுவான்.

அதே நாட்களில் பூவாயியின் இடது கால் சுண்டுவிரல் மரத்துப்போயிற்று. வயலில் முள் குத்தியிருக்கும் என்று நினைத்தாள். மறுநாள் பக்கத்து விரல். ஒரு நாள் அம்மிக் குழவி நழுவி அந்தக் காலில் விழுந்தது. வலிக்கவில்லை. "டக்" என்று சத்தம்தான் வந்தது, கல்லில் கல் விழுந்தது போல. அவள் சேலையைத் தாழக் கட்டிக்கொண்டாள். இரண்டு கணுக்காலும் கல்லாகி நடை தடுக்கியபோதுதான் மருதையன் பார்த்தான்.

"என்ன புள்ள இது?"

"தெரியலய்யா. ஆனா ஒண்ணு தெரியும். நீ வீட்ல இருக்கிறப்ப கவனிச்சுட்டேன். நீ ஒவ்வொரு தடவை மூக்குல வைக்கிறப்பவும் இங்க ஒரு எள்ளளவு சில்லுனு ஏறுது."

"சும்மா உளறாத."

"உளறலா? இப்ப ஒண்ணு போடு பார்ப்போம்."

அவன் போட்டான். பார்ப்பதற்காகத்தான் போட்டான். அவள் கணுக்காலுக்கு மேலே, அவன் கண் முன்னாலேயே, தோல் சாம்பல் நிறமாகி இறுகியது. ஒரு எள் அளவு.

"சத்தியமா இனிமே தொட மாட்டேன்" என்று அவள் தலையில் அடித்துச் சொன்னான் மருதையன்.

இந்த இடத்தில் கதை முடிந்திருக்க வேண்டும். காரணம் தெரிந்துவிட்டது, கட்டியவளின் கால் கண் முன்னால் கல்லாகிறது, சத்தியமும் செய்தாகிவிட்டது. இனி விடுவதில் என்ன கஷ்டம்? கேட்பவர்கள் எல்லோரும் இங்கே இதைத்தான் கேட்பார்கள். தன் மடியில் ஒரு சிமிழ் இருப்பவன் மட்டும் கேட்க மாட்டான்.

முதல் தடவை, மருதையன் பூவாயியைக் கரைக்குத் தூக்கிப்போய் உட்கார வைத்தான். அவள் பார்க்க, சிமிழை ஆற்றின் நடுவே வீசினான். "ப்ளக்" என்று அது மூழ்கியது. பூவாயி அழுது சிரித்தாள். ஆனால் அன்று விடிகாலையிலேயே அவன் ஒரு காரியம் செய்திருந்தான். ஒரு சிட்டிகைப் பொடியை இலையில் மடித்து, மூங்கில் கழியின் கணு ஓட்டையில் செருகி வைத்திருந்தான். போடுவதற்காக அல்ல. அடியோடு இல்லை என்றால் பயமாக இருக்காதா? இருக்கிறது என்று தெரிந்தால்தானே தைரியமாக விட முடியும்? அப்படித்தான் தனக்குச் சொல்லிக்கொண்டான்.

முதல் நாள் கழியைப் பார்க்கவில்லை. இரண்டாம் நாள் பார்த்தான். மூன்றாம் நாள் சுழியில் "அப்பா!" என்ற குரல் எழுந்தபோது இலை தானாகப் பிரிந்தது போல இருந்தது. பொடி மூக்கில் பட்டதும் மடியில் ஏதோ ஈரமாக உறுத்தியது. தொட்டுப் பார்த்தான். சொட்டச் சொட்டச் சிமிழ். த்சு, த்சு, த்சு.

இரண்டாவது தடவை, ஊரையே விட்டான். வறட்டுப்பட்டியில் மருதையனுக்கு ஒரு அக்காள் இருந்தாள். அங்கே ஆறும் இல்லை, குளமும் இல்லை, குடிக்கவே மூன்று காதம் நடக்க வேண்டும். சிமிழைத் துறையில் புதைத்துவிட்டு, பூவாயியை வண்டியில் ஏற்றிக்கொண்டு போனான். அக்காளின் ஆடுகளை மேய்த்தான். ஒரு நாள் போயிற்று, பத்து நாள் போயிற்று, ஒரு மண்டலம் முழுதாய்ப் போயிற்று. நாற்பத்தெட்டு நாளும் மூக்கு அரிக்கவில்லை, கை துடிக்கவில்லை. முழங்காலில் ஏறியிருந்த கல் அங்கேயே நின்றது.

"என்னத்த பெரிய மந்திரம், தம்பி? மனசு வச்சா ஆச்சு" என்றாள் அக்காள்.

"ஆமாக்கா. இம்புட்டுத்தானா இதுன்னு இருக்கு" என்று அவனும் சிரித்தான்.

பிறகு துறையிலிருந்து ஆள் வந்தது. ஓடம் இல்லாமல் அக்கரைக்காரர்கள் வைத்தியத்துக்குக்கூட வர முடியவில்லை என்றார்கள். மருதையன் பூவாயியோடு, நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு திரும்பினான். ஓடத்தில் கால் வைத்தான். நனைந்த மரத்தின் வாசம் வந்தது. உள்ளங்கையில் கழியின் வழவழப்பு பட்டது. விளிம்பில் அலை நக்கும் சத்தம் கேட்டது. குரல் வரவில்லை. சுழிக்கே இன்னும் போகவில்லை. அதற்குள் வலது கை, அவனைக் கேட்காமல், மடிக்குப் போய்விட்டது.

அங்கே சிமிழ் இருந்தது. மனசு ஒரு மண்டலம் மறந்திருந்தது. கை ஒரு நாளும் மறக்கவில்லை.

'ஒரு மண்டலம் இருந்து காட்டியவன் நான். ஒன்று போட்டால் என்ன ஆகிவிடும்?' என்று நினைத்தான். த்சு, த்சு, த்சு. போட்டான். 'கெட்டது கெட்டுப்போயிற்று. இனி ஒன்று என்ன, பத்து என்ன?' என்று நினைத்தான். அதற்கும் த்சு, த்சு, த்சு. நாற்பத்தெட்டு நாளின் பொடியையும் அந்த ஒரே நாளில் போட்டான். சாயங்காலம் வீட்டுக்கு வந்தபோது பூவாயி இடுப்பு வரை கல்லாகிச் சுவரில் சாய்ந்திருந்தாள்.

மூன்றாவது தடவை, அவனே ஓடத்துக் கயிற்றை எடுத்து வந்தான். "என் கை ரெண்டையும் தூணோட சேத்துக் கட்டு. நான் காலைப் பிடிச்சு அழுதாலும் அவுக்காத."

"என் காலைத்தானே பிடிக்கணும்? பிடிச்சா எனக்குத் தெரியவா போகுது?" என்றாள் பூவாயி. அந்த நிலையிலும் அவளுக்கு அப்படி ஒரு வாய். உட்கார்ந்தபடியே இறுக்கிக் கட்டினாள். சிமிழை நெல்குதிருக்கு அடியில் உருட்டிவிட்டாள்.

ஒரு நாள் அவன் நடுங்கினான். இரண்டு நாள் வாந்தி எடுத்தான். மூன்றாம் நாள் குரல் வந்தது. சுழியில் அல்ல, வீட்டுக்குள்ளேயே. பொடியால் சாத்தி வைத்திருந்த குரல்கள் அத்தனையும் ஒன்றாக வந்தன. அப்பா அப்பா அப்பா. அவன் தலையைத் தூணில் மோதினான். "எடுத்துக் குடுடி" என்று கத்தினான். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அவன் கெஞ்சினான். திட்டினான். கடைசியில் அதைச் சொன்னான்.

"அன்னைக்கு அவனை ஓடத்துக்கு அனுப்பினவ நீதானேடி!"

பூவாயி இரண்டு கையையும் தரையில் ஊன்றி, கல் இடுப்பை இழுத்துக்கொண்டு குதிரிடம் போனாள். சாணி மெழுகிய தரையில் ஏர் உழுதது போல் ஒரு பள்ளம் விழுந்தது. சிமிழை எடுத்தாள். திரும்பி வந்தாள். தன் கையாலேயே ஒரு சிட்டிகை எடுத்து அவன் மூக்கில் வைத்தாள்.

"போட்டுக்க. போட்டுக்கிட்டுப் பேசாம இரு."

அவன் இழுத்தான். அவள் மார்பில் கல் ஏறத் தொடங்கியது.

அதன்பிறகு அவன் முயற்சி எதுவும் செய்யவில்லை. ஒரு கையால் அவளுக்குக் கஞ்சி ஊட்டினான், இன்னொரு கையால் சிட்டிகை எடுத்தான். தோள் போயிற்று. கைகள் போயின. கழுத்துப் போயிற்று. பிள்ளை போய் மூன்றாவது ஆடி வந்தபோது பூவாயியின் முகம் மட்டும் மிச்சம். தரையில் இருந்த பள்ளத்தை அவன் மெழுகவில்லை. தினமும் அதைத் தாண்டித்தான் போனான், தாண்டும்போதெல்லாம் ஒன்று போட்டான்.

அந்த ஆடியில் ஒரு நாள் உச்சி வேளை. வாசலில் புலித்தோல் தெரிந்தது.

"தூண் ஆகிவிட்டதா, ஓடக்காரா?" என்றபடி மந்திரவாதி உள்ளே வந்தான். பூவாயியின் கல் தோளைச் சுண்டிப் பார்த்தான். "நல்ல கல். இன்னும் ஒரே ஒரு சிட்டிகைதான் பாக்கி. வாயும் கண்ணும் மூடிக்கொள்ளும். உள்ளே மட்டும் எல்லாம் தெரியும், எல்லாம் கேட்கும். மேலே ஏழு பேர் அப்படித்தான் நிற்கிறார்கள். ஒருத்தி தாய், ஒருத்தி தங்கை, மற்றவர்கள் மனைவிமார். என் கையால் ஒருத்தியைக்கூட நான் தொட்டதில்லை. அவரவர் வீட்டு ஆண்பிள்ளைகள்தான் செய்து கொடுத்தார்கள்."

"நான் போட மாட்டேன்" என்றான் மருதையன். சொல்லும்போதே கை மடியில் இருந்தது.

"அந்த ஏழு ஆண்பிள்ளைகளும் இதையே சொன்னார்கள். ஏழு பேரும், இதுதான் கடைசி என்று சொல்லிவிட்டுத்தான் போட்டார்கள். நீயும் சொல்லேன். இன்றைக்கு மட்டும். ஒரே ஒரு சிட்டிகை."

த்சு, த்சு, த்சு.

மருதையனின் கண் கலங்கியது. "பல்லியும் சொல்லுதே, பூவாயி. நம்ம விதி இதுதான்போல."

பூவாயி அவனைப் பார்த்தாள். அந்த முகத்தில் அசைய முடிந்தது கண்ணும் வாயும்தான்.

"அந்தப் பல்லிகிட்ட நான் ரெண்டு வார்த்தை பேசணும். மூடியைத் தெறந்து பிடிய்யா."

பிடித்தான்.

"பல்லி, நம்ம ஆத்துல பாலு ஓடுது."

த்சு, த்சு, த்சு.

"என் புருசனுக்கு மூணு காது."

த்சு, த்சு, த்சு.

பூவாயி மூச்சை இழுத்தாள். கல்லுக்குள் அந்த மூச்சு சிரமப்பட்டு இறங்கியது.

"என் பிள்ளை வேம்பு சாகல."

த்சு, த்சு, த்சு.

மூன்று வருடத்தில் அந்த வீட்டில் அந்தப் பெயர் முதல் தடவையாகக் கேட்டது. மருதையன் சிமிழைப் பார்த்தான். பச்சைப் பல்லி அடுத்த வார்த்தைக்காகத் தலையைத் தூக்கிக்கொண்டிருந்தது. எது சொன்னாலும் அது ஆமாம் என்று சொல்லும். இத்தனை காலமும் சொன்னது அவன். ஆமாம் போட்டது அது. விளிம்பில் தட்டி விதி என்று வைத்துக்கொண்டதும் அவன்தான்.

"என்னை ஓடத்துல ஏத்துய்யா. நான் அந்தச் சுழியைப் பாக்கணும். மூணு வருசமா நீ ஒருத்தனே பாத்துட்டு வர்ற. நான் ஒரு நாளும் வரல. எனக்கும் பயமாத்தான் இருந்துச்சு" என்றாள் பூவாயி.

மந்திரவாதி சிரித்தான். "எப்படியும் அக்கரைக்குத்தானே வர வேண்டியவள்? ஏறட்டும்." ஒரு விரலால் அவளைத் தூக்கினான். கல்லைத் தூக்குவது அவனுக்குப் பழக்கம். முன்முனையில், வேம்பு நின்ற இடத்தில், அவளை நிறுத்தினான். தானும் ஏறி உட்கார்ந்தான். சிமிழைத் தன் மடியில் திறந்து வைத்துக்கொண்டான், மருதையனின் கைக்கு எட்டும் தூரத்தில்.

ஓடம் கிளம்பியது. மருதையனின் வலது கை கழியை விட்டுக் கிளம்பியது.

இனிமேல் தொடவே மாட்டேன் என்று சொல்லப் பார்த்தான். அந்தச் சத்தியம் வாயில் வரவில்லை. அதை அவன் நிறைய தடவை செலவழித்துவிட்டான். அதனால் தன் கையிடம் வேறு ஒன்று சொன்னான். "இரு. இந்த ஒரு ஊன்று ஊன்றிக்கிறேன். அப்புறம் எடுத்துக்கலாம்." கை நின்றது. இரண்டு கையாலும் கழியை ஊன்றினான். கை மறுபடி கிளம்பியது. "இரு. இன்னும் ஒரே ஒரு ஊன்று. அப்புறம் எடுத்துக்கலாம்." கை நின்றது. இன்றைக்கு மட்டும், இன்றைக்கு மட்டும் என்று அவனை எத்தனை நாள் ஏய்த்தது அந்தக் கை! இப்போது அவன் அதை ஏய்த்தான். ஊன்றினான். மறுபடி ஊன்றினான். வியர்வை கண்ணில் இறங்கியது. மூக்கு எரிந்தது. மலைமேல் ஏழு தூண்கள் வெயிலில் நின்றன.

சுழி வந்தது. ஆழத்தில் கழி முக்கால்வாசி இறங்கியது. ஓடம் ஒரு சுற்றுச் சுற்றியது.

"அப்பா!"

மந்திரவாதி சிமிழை அவன் மூக்குக்கு நேரே நீட்டினான். வாசம் ஏறியது. பல்லி சொல்லிக்கொண்டே இருந்தது. மருதையனின் கை தூக்கிக்கொண்டது. இரண்டு விரலும் சேர்ந்துகொண்டன. பொடியைத் தொட்டும்விட்டன.

"எனக்கும் கேக்குதுய்யா" என்றாள் பூவாயி. "பொத்தாத. முழுசாக் கேளு. புள்ள இன்னும் பேசுறான்."

மருதையன் விரலைப் பிரித்தான். பொடி காற்றில் போயிற்று. இரண்டு கையாலும் கழியைப் பிடித்துக்கொண்டு, மூன்று வருடத்தில் முதல் தடவையாக, அந்தக் குரலை முழுதாகக் கேட்டான். ஒவ்வொரு முறையும் முதல் வார்த்தையிலேயே அவன் அடைத்துவிடுவான், முதலில் கையால், பிறகு பொடியால். அதற்குப் பின்னால் குரல் நீண்டிருந்தது அவனுக்குத் தெரியாது.

"அப்பா! அப்பா, அங்க பாரு, மீன்கொத்தி! வாயில மீனு!"

காப்பாற்று என்ற கூப்பாடு இல்லை. ஏன் திரும்பவில்லை என்ற கேள்வியும் இல்லை. பிள்ளை ஒரு பறவையைக் காட்டக் கூப்பிட்டிருக்கிறான். அவ்வளவுதான். மருதையனுக்கு அது ஆறுதலாக இல்லை. நெஞ்சைப் பிளந்தது. இருடா என்று சொல்லாமல் திரும்பியிருந்தால் ஒரு மீன்கொத்தியைப் பார்த்திருப்பான்.

திரும்பினான்.

"என்ன ராசா?" என்றான். "எங்கடா? காட்டு."

நட்டாற்றில் ஒரு முளைக்குச்சி நீட்டிக்கொண்டிருந்தது. அதன்மேல் நீல இறகும் செம்மண் நிற வயிறுமாக ஒரு மீன்கொத்தி. வாயில் மீன் துள்ளியது.

"ஆமாடா ராசா. பாத்துட்டேன்."

"நானும் பாத்துட்டேன், சாமி" என்றாள் பூவாயி. அவள் கன்னத்தில் இறங்கிய கண்ணீர் கழுத்தைத் தொட்டது. தொட்ட இடத்தில் கல் "படக்" என்று வெடித்தது.

பறவை எழுந்து பறந்தது. குரல் அடங்கியது.

மந்திரவாதியின் முகம் வெளிறியது. சிமிழை மூடப் பார்த்தான், முடியவில்லை. பல்லி வெளியே வந்துவிட்டது. இத்தனை நாளும் பிறர் சொன்னதற்கெல்லாம் ஆமாம் போட்ட பல்லி, இப்போது சொல்வதற்கு ஆள் இல்லாமல், மந்திரவாதியின் கையில் ஏறியது. அது நடந்த இடமெல்லாம் சாம்பல் நிறமாயிற்று. கை கல், தோள் கல், கழுத்துக் கல். "ஓடக்காரா, ஒரே ஒரு..." என்றான். வாய் கல். ஓடம் அந்தக் கனத்தில் சாய்ந்தது, அவன் சரிந்தான், சுழி அவனை வாங்கிக்கொண்டது.

அந்த மண்டபத்தை ஏழு தூண்கள் தாங்கவில்லை. எடுத்த சிட்டிகையை எவனும் போடாமல் விடமாட்டான் என்ற ஒரே நிச்சயம்தான் தாங்கிக்கொண்டிருந்தது. அது பொய்த்ததும் மலைமேல் இடி போல் ஒரு சத்தம். புழுதி அடங்கியபோது ஏழு பெண்கள் இருமிக்கொண்டும், கண்ணைக் கசக்கிக்கொண்டும், ஒருவரை ஒருவர் பிடித்துக்கொண்டும் சரிவில் இறங்கி வந்தார்கள். அவர்களில் ஒருத்தி குமுதபுரி அரசனைப் பெற்ற தாய். மருதையன் ஏழு பேரையும் ஓடத்தில் ஏற்றி இக்கரை சேர்த்தான். சிலருக்குக் கரையில் ஆள் காத்திருந்தது. சிலருக்கு யாரும் இல்லை. கரையில் காத்திருந்த அரசன் தன் மடியிலிருந்த சிமிழை எடுத்துத் தாயின் காலடியில் வைத்தான். மருதையனுக்குத் தேக்கில் புது ஓடமும், துறையைப் பரம்பரைக்கும் எழுதிய பட்டயமும் கொடுத்தான்.

பூவாயியின் கல் ஒரே நாளில் உதிரவில்லை. ஒவ்வொரு தடவை ஓடம் சிட்டிகை இல்லாமல் கரை சேரும்போதும் ஒரு எள்ளளவு இளகியது. முழங்கால் மடங்க ஒரு வருடம் ஆயிற்று. வீட்டுத் தரையின் பள்ளத்தை இருவரும் சேர்ந்து மெழுகினார்கள். அன்றைக்குத் தூணில் கட்டுண்டு கிடந்தபோது பேசிய பேச்சுக்கு அவன் அவளிடம் மன்னிப்புக் கேட்டான். "நீ சொல்லிட்டே, நான் கேட்டுட்டேன். போதும், தண்ணி ஊத்து" என்றாள் அவள். இடது கால் சுண்டுவிரல் மட்டும் கடைசிவரை கல்லாகவே நின்றுவிட்டது. அவள் நடந்தால் "டக், டக்" என்று சத்தம் கேட்கும். அந்தச் சத்தம் கேட்டால் மருதையன் கழியை இறுக்கிப் பிடிப்பான்.

ஏனென்றால், கை இன்னும் போகும். சிமிழ் ஆற்றடியில் கிடக்கிறது, மடியில் ஒன்றும் இல்லை. ஆனாலும் சுழி வந்தால் வலது கை தானாக இடுப்புக்குப் போகும். பல வருடம் கழித்தும், தாடி வெளுத்த பிறகும் போயிற்று. சாயங்காலம் அவன் வீட்டுக்கு வந்து கால் கழுவும்போது பூவாயி கேட்பாள்.

"இன்னைக்குக் கை போச்சா?"

"போச்சு."

"எத்தனை தடவை?"

"நாலு."

"கையைத் திரும்பக் கூட்டிக்கிட்டு வந்துட்டியா?"

"வந்துட்டேன்."

"அப்ப வா, சோறு போடுறேன்" என்பாள். டக், டக் என்று உள்ளே போவாள்.

ஓடம் கரை தட்டிவிட்டது. கதையும் இங்கேதான் நிற்கிறது. கால் பார்த்து இறங்குங்கள்.